பழைய கார் டேங்க் கிளீனிங்: 38,500 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இன்னொருத்தர் மாட்டக் கூடாது.

அப்பாவுடைய மாருதி 800, கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள பழைய மாடல். அவர் போன பிறகு வருஷக்கணக்கில் ஷெட்டிலேயே நின்றது. மறுபடி ஓட வைக்க ஆசைப்பட்டு, பழைய வண்டி ஸ்பெஷலிஸ்ட் என்று விளம்பரம் செய்யும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் போடவில்லை, இந்த மாதிரி இடம் எல்லா ஊரிலும் இருக்கிறது.

ஓனர் பெட்ரோல் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "சார், இது பெட்ரோல் இல்ல, வார்னிஷ். செல்ஃபே அடிச்சிடாதீங்க" என்றார். நாள்பட்ட பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஸ்லோ ஜெட் என்ற பொடித் துளையை அடைக்கும், டேங்க்குக்குள் ஈரம் இறங்கித் துரு பிடிக்கும், பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் டயாப்ரம் என்ற சவ்வு விறைத்துவிடும், இப்போது பங்க்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை அரித்துவிடும் என்று வரிசையாக விளக்கினார். இன்றுவரை எனக்கு ஆத்திரம் அதுதான்: அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. செய்ய வேண்டிய வேலை அவருக்கு அட்சரசுத்தமாகத் தெரியும். "அப்பா வண்டி சார், என் வண்டி மாதிரி பாத்துக்கறேன்" என்று பானெட்டில் கை வைத்துச் சொன்னார். அங்கேயே நின்று ஜிபேயில் முழுப் பணமும் அனுப்பினேன். டேங்க் இறக்கிக் கழுவ, கார்புரேட்டர் கிட், புது பம்ப், ஹோஸ் மொத்தமும் சேர்த்து 38,500 ரூபாய்.

வண்டி வந்தது. சிக்னலில் நின்றால் ஆஃப். போன் செய்தால், "ஓட்ட ஓட்ட சரியாயிடும் சார்." அடுத்த முறை, "நீங்க பெட்ரோல் போட்ட பங்க் சரியில்ல." அதற்கடுத்து, "மெயின் பையன் லீவு, திங்கட்கிழமை கொண்டாங்க." திங்கட்கிழமை போனால் கடையில் ஓனர் இல்லை. கழற்றிய பழைய பார்ட்ஸைக் கேட்டேன், காயலான் கடைக்குப் போய்விட்டதாம்.

பிறகு ஒரு நாள், மனைவியும் பிள்ளையும் உள்ளே இருக்கும்போது குப்பென்று பெட்ரோல் வாடை. ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினால், பம்ப்புக்குப் போகும் ஹோஸ் வெடித்து, சூடான இன்ஜின் பக்கத்திலேயே சொட்டிக்கொண்டிருக்கிறது. தீப்பிடித்திருந்தால்?

டோ பண்ணி வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். லிஃப்ட்டில் ஏற்றி டார்ச் அடித்துக் காட்டினார். டேங்க்குக்கு அடியில் பளபளவென்று கறுப்பு பெயின்ட், காய்ந்த சேற்றின் மேலேயே அடித்திருக்கிறார்கள். போல்ட்டின் மேலும் அதே பெயின்ட், ஸ்பானர் பட்ட தடமே இல்லை. டேங்க் இறங்கவே இல்லை. கார்புரேட்டரைத் திறந்தால், பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரில் பழுப்பு நிறச் சகதி. பம்ப் பழசு, துடைத்து வைத்திருக்கிறார்கள். வெடித்த ஹோஸை அவர் லேசாக வளைத்ததும் நெடுக விரிசல். புதுசு என்றால் ஃபில்டர் ஒன்றுதான், அதிலும் இதற்குள்ளாகவே துருப்பொடி. ஒரு ஃபில்டருக்கும் ஒரு டப்பா பெயின்ட்டுக்கும் 38,500 ரூபாய்!

போட்டோ அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனதற்கு, "வேற ஆள் கை வச்சிட்டான்ல, இனி நாங்க பொறுப்பில்ல" என்கிறார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். கையில் இருப்பது துண்டுச்சீட்டு பில்லும் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும்தான்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இது: முழுப் பணத்தை முன்னாலேயே கொடுக்காதீர்கள். டேங்க் கீழே இறங்கியதும் போய் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய பம்ப், ஹோஸ் உங்கள் கைக்கு வராமல் மீதிப் பணம் தராதீர்கள். ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனி பில் வாங்குங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், யார் என்ன சொன்னாலும் வண்டியை எடுக்காதீர்கள். மற்றது பிறகு எழுதுகிறேன், அந்த ஆளுக்கு மறுபடி போன் போட வேண்டும்.