டர்பனில் டிவி வாங்கப் போகிறீர்களா? என் பணம் ஐந்து மாதம் மாட்டிக்கொண்ட கதை

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டவுன் பக்கம் இருக்கிற நம் ஆட்களுக்காக எழுதுகிறேன். கடை பெயரும் பிராண்ட் பெயரும் போடவில்லை. எனக்கு நடந்தது வேறு எந்தக் கடையிலும் நடக்கலாம், அதனால் எப்படி ஏமாந்தேன் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

2024 தீபாவளிக்கு அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் ஆகிறது. காலையில் எழுந்ததும் தமிழ்ச் செய்தி பார்க்க வேண்டும், கீழே ஓடுகிற வரியை ஒன்று விடாமல் படிக்க வேண்டும். எங்கள் பழைய டிவி சின்னது. அக்டோபர் 26, சனிக்கிழமை, பழைய கிரே ஸ்ட்ரீட் (இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட்) பக்கம் ஒரு கடைக்குப் போனோம். 43 இஞ்ச், பெட்டியில் கொட்டை எழுத்தில் 4கே, விலை 5,999 ராண்ட். மற்ற கடைகளைவிட ஆயிரத்துச் சொச்சம் குறைவு. விற்கிற பையன் நம் வம்சாவளிப் பையன்தான், தமிழ் பேச வராது, "வணக்கம் ஆன்ட்டி" மட்டும் அழகாகச் சொன்னான். திரையில் கலர் கலராக மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. பார்த்தவுடன் பிடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மாட்டி, யூடியூபில் செய்திச் சேனல் நேரலையைப் போட்டோம். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, எழுத்தெல்லாம் அப்பிக்கிட்டுல்லா கிடக்கு" என்றார். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கறுப்புப் புள்ளியாக இருந்தன. 'ற', 'ன', 'ள' எல்லாம் ஓரம் நைந்து, துணியில் மை ஊறிய மாதிரி. ஆங்கில எழுத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. நம் எழுத்தில் சுழியும் வளைவும் அதிகம், உடனே தெரிந்துவிடும். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார். தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துவிட்டார். அதுதான் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாத விஷயம்.

நவம்பர் 8 அன்று இங்கே கிங்ஸ்மீட் மைதானத்தில் இந்தியா ஆடிய டி20, சஞ்சு சாம்சன் 107 அடித்தாரே, அந்த மேட்ச் பார்க்க நாத்தனார் மகன் வந்தான். ஸ்கோர் எழுத்து மங்கலாக இருக்கிறதே என்று, தன் லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு மாட்டினான். லேப்டாப் காட்டிய அளவு 1366 × 768. அதாவது வெறும் எச்டி ரெடி பேனல், புள்ளிகள் குறைவான சாதாரணத் திரை. உண்மையான 4கே என்றால் 3840 × 2160 காட்ட வேண்டும். கணக்குப் போட்டால், 4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள், எங்கள் திரையில் பத்தரை லட்சம். ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். பெட்டியை மறுபடி எடுத்துப் பார்த்தோம். 4கே என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் 'சப்போர்ட்' என்று இருந்தது. 4கே வீடியோ கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், ஆனால் தன் பேனல் அளவுக்குச் சுருக்கித்தான் காட்டும் என்று அர்த்தம். நேட்டிவ் ரெசல்யூஷன், அதாவது திரையில் நிஜமாகவே இருக்கிற புள்ளிகளின் அளவு, என்ன என்பது மட்டும்தான் கேட்க வேண்டிய கேள்வி. நான் கேட்கவில்லை.

கடைக்குப் போனேன். சுவரில் தொங்கிய போர்டைக் காட்டினார்கள்: ஏழு நாளைக்குள் மாற்றலாம், பணம் திரும்பக் கிடையாது. பதிமூன்று நாள் ஆகிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாதாம். நானும் நம்பித் திரும்பிவிட்டேன்.

டிசம்பர் இரண்டாம் வாரம் திரையின் இடது கீழ் மூலை இருண்டது. நாலு நாளில் படமே போய்விட்டது, சத்தம் மட்டும் வந்தது. எங்கள் தெருவில் டிவி ரிப்பேர் செய்கிற ஒரு அண்ணன் வந்து, லைட்டை அணைக்கச் சொல்லி, டார்ச்சைத் திரையோடு ஒட்டிப் பிடித்தார். வெளிச்சம் பட்ட வட்டத்துக்குள் செய்தி வாசிக்கிறவர் முகம் லேசாகத் தெரிந்தது. "படம் இருக்கு, பின்னாடி எரியிற எல்இடி பட்டை போயிருச்சு" என்றார். திறந்து பார்க்கட்டுமா என்று அவரே கேட்டுவிட்டு, "வேண்டாம், கடைக்காரன் நீங்கதான் கெடுத்தீங்கன்னுவான்" என்றும் அவரே சொன்னார். அந்த ஒரு வார்த்தை என்னைக் காப்பாற்றியது. கடையில் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, யாராவது திறந்தார்களா என்பதுதான்.

அடுத்து சொன்னார்கள், லோட்ஷெடிங்கில் (முறை வைத்துச் செய்கிற மின்வெட்டு) கரண்ட் ஏறி இறங்கிப் போயிருக்கும், அது கேரண்டியில் வராது என்று. 2024 மார்ச் 26-லிருந்து அரசு மின் நிறுவனமான எஸ்காம் லோட்ஷெடிங்கை நிறுத்தி வைத்திருந்தது. 2025 ஜனவரி கடைசியில்தான் மறுபடி ஆரம்பித்தது. நான் வாங்கியது அக்டோபர், கெட்டது டிசம்பர். தேதியைச் சொன்னதும் பேச்சை மாற்றி, பிராண்டின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள் என்றார்கள். அங்கே சீரியல் நம்பரைப் பார்த்துவிட்டு, இது தென்னாப்பிரிக்காவில் விற்க வந்த செட்டே இல்லை, நாங்கள் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் பிளக் ஞாபகம் வந்தது. இங்கே பெரிய பிளக் மூன்று உருண்டைப் பின், நம்மூரில் கீசருக்கு மாட்டுகிற 15 ஆம்ப் பிளக் மாதிரி. இந்த டிவிக்கு துபாய்ப் பக்கம் இருக்கிற சப்பட்டைப் பின் பிளக். அதற்கு ஒரு அடாப்டரை மாட்டிக் கொடுத்திருந்தார்கள். டிவி லைசென்ஸும் கேட்கவில்லை. இங்கே டிவி விற்கிற கடை லைசென்ஸைக் கேட்டுப் பார்த்துத்தான் விற்க வேண்டும், வீட்டில் டிவி வைத்திருக்க வருடத்துக்கு 265 ராண்ட் கட்டுகிறோமே, அது. இரண்டும் என் கண் முன்னாலேயே நடந்தன. விலை குறைவு என்ற சந்தோஷத்தில் கவனிக்கவில்லை.

ஜனவரியில், ஆபீஸில் கூட வேலை பார்க்கிற தோழி சட்டத்தை எடுத்துக் கொடுத்தாள். 2008-இன் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2011-இல் அமலுக்கு வந்தது. 56-ஆம் பிரிவைத் தேடிப் படியுங்கள். பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று முடிவு செய்வது வாங்கியவர், கடைக்காரர் இல்லை. ரிப்பேர் செய்து மூன்று மாதத்துக்குள் மறுபடி கெட்டால், மாற்றித் தர வேண்டும் அல்லது பணம் தர வேண்டும். சுவரில் ஏழு நாள் போர்டு தொங்குவதால் இந்த உரிமை போய்விடாது. பிராண்ட் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் இறக்குமதியான பொருள் என்றால், அதை வாங்குகிறவருக்குத் தெரியும்படி எழுதி ஒட்ட வேண்டும் என்று 25-ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் பெட்டியில் அப்படி ஒரு வரியும் இல்லை.

இதையெல்லாம் எழுதி ஈமெயில் அனுப்பினேன். அதுவரை வாயால் சண்டை போட்டதற்கு மசியாதவர்கள், எழுத்தில் போனதும் டிவியை எடுத்துக்கொண்டார்கள். நான் செய்த தப்பு, பணத்தைக் கேட்காமல் ரிப்பேருக்குச் சம்மதித்தது. ஜனவரி 25 திருப்பிக் கொடுத்தார்கள். பதினெட்டே நாள், மறுபடி அதே மூலை இருண்டது. அதற்குள் அப்பா ஊருக்குப் போயிருந்தார். அவர் இங்கே இருந்த நாட்களில் ஒரு நாள்கூட அந்த வரியைத் தெளிவாகப் படிக்கவில்லை.

இந்த முறை பணம்தான் வேண்டும் என்று எழுதினேன். பதிலே இல்லை. பிறகு சி.ஜி.எஸ்.ஓ. என்கிற நுகர்வோர் பொருள், சேவைகளுக்கான ஆம்பட்ஸ்மேன் (குறை தீர்ப்பவர்) அலுவலகத்தில் புகார் போட்டேன். ஆன்லைனிலேயே போடலாம், காசு கிடையாது. முதலில் கடையோடு பேசித் தீர்க்கப் பார்த்தீர்களா என்று கேட்பார்கள், அதற்கு அந்த ஈமெயில்கள் உதவின. கொஞ்ச நாளில் கடையிலிருந்து போன். 15 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறோம் என்றார்கள். எதுவும் பிடிக்கக் கூடாது என்று அதே 56-ஆம் பிரிவில் இருக்கிறது, அதைச் சொன்னேன். மார்ச் கடைசியில் 5,999 ராண்டும் என் அக்கவுண்டில் வந்து சேர்ந்தது.

இனி டிவி வாங்கப் போகிறவர்கள் மீன் வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடையில் வெளிச்சத்தை உச்சத்தில் ஏற்றி, அதற்கென்றே எடுத்த படத்தைத்தான் ஓட்டுவார்கள். உங்கள் போனிலிருந்து ஒரு தமிழ்ச் செய்திச் சேனலைப் போடச் சொல்லி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று கீழே ஓடுகிற வரியைப் படித்துப் பாருங்கள். பெட்டியைப் பிரித்துப் பிளக்கைக் காட்டச் சொல்லுங்கள். மாடல் நம்பரை பிராண்டின் தென்னாப்பிரிக்க வெப்சைட்டில் அங்கேயே தேடுங்கள், நேட்டிவ் ரெசல்யூஷனும் அதிலேயே இருக்கும்.

பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். எனக்குக் கொடுத்தது அந்த வழவழப்பான சூடு பட்டு அச்சாகிற தாள். கிச்சன் டிராயரில் வைத்திருந்தேன். பிப்ரவரியில் எடுத்துப் பார்த்தபோது தேதியும் தொகையும் அழிந்து வெள்ளையாகக் கிடந்தது. கடையை விட்டு வெளியே வந்ததும் காருக்குள் உட்கார்ந்து என் கணவர் எடுத்த போட்டோதான் புகாரோடு போனது.