அமெரிக்க அதிபர் கூட்டத்துக்குப் பாஸ் விற்கிறார்களா? வாங்காதீர்கள்

நேற்று நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "அதிபர் வருகை, முன்வரிசைப் பாஸ், ஆளுக்கு 150 டாலர்" என்ற விளம்பரத்தைப் போட்டிருந்தார். பார்த்ததும் பழைய காயம் வலித்தது. ஏற்கெனவே ஒருமுறை இதில் ஏமாந்தவன் நான்.

2011 டிசம்பர் 6, செவ்வாய்க்கிழமை. கேன்சஸ் மாநிலத்தில் ஒசவாட்டமி என்ற குட்டி ஊருக்கு அப்போதைய அதிபர் ஒபாமா வந்தார். மொத்த ஜனத்தொகையே 4,500க்குள்தான். 1910இல் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பேசிய ஊர் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கூட்டம் அங்கிருந்த உயர்நிலைப் பள்ளியின் ஜிம்மில். அப்போது மதுரையிலிருந்து அப்பா வந்திருந்தார். ஒபாமாவை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

இணைய விளம்பரம் பார்த்து ஒருவரைப் பிடித்தேன். பெட்ரோல் பங்க் வாசலில் வந்து நின்றார். இரண்டு பாஸ், 160 டாலர், ரொக்கம் மட்டும். பாஸில் கழுகு முத்திரை எல்லாம் இருந்தது. அப்பா கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், நீல மை விரலில் ஒட்டிக்கொண்டது. "என்னடா, மை காயவே இல்லையே?" என்றார். குளிரில் அப்படித்தான் இருக்கும்பா என்று சொன்னேன். என்ன அறிவு எனக்கு!

அப்புறம் அவர் கேட்டதுதான் இன்னும் காதில் நிற்கிறது: "நம்ம ஊர்ல கூட்டத்துக்குப் போனா அவங்கதானடா காசு குடுத்து, பிரியாணியும் குடுப்பாங்க? இங்க நாம குடுக்கணுமா?"

வாசலில் பட்டியலைப் பார்த்தார்கள். எங்கள் பெயர் இல்லை. பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பெண்மணி, "சார், இதற்கு நாங்கள் காசே வாங்குவதில்லையே" என்றார். அவ்வளவுதான், வண்டியைத் திருப்பினோம்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளை மாளிகை நடத்தும் பொதுக்கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. அதிபருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் ரகசிய சேவைப் பிரிவு உங்களைச் சோதனை போட்டுத்தான் உள்ளே விடும், யாருக்கும் பாஸ் விற்காது. தேர்தல் நிதி விருந்து வேறு, அதற்குக் காசு உண்டு. ஆனால் அங்கே பெயர், முகவரி, எங்கே வேலை என்றெல்லாம் கேட்பார்கள். முக்கியமாக, எச்1பி விசாவில் இருப்பவர்கள் அந்த நிதிக்குக் கொடுக்கவே கூடாது, சட்டப்படி தடை. குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். "அதெல்லாம் பரவாயில்லை, ஜெல் (Zelle) வழியாகப் பணத்தை அனுப்புங்கள்" என்று எவனாவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். போன காசு லேசில் திரும்பாது.

அன்று இரவு வீட்டில் பேச்சின் வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். எல்லோருக்கும் ஒரே விதி, நியாயமான வாய்ப்பு என்று ஒபாமா பேசினார். சாதாரண மக்களை நிதி நிறுவனங்கள் ஏமாற்றாமல் காக்கப் புதிய நுகர்வோர் அமைப்பு வந்திருக்கிறது, அதன் தலைவராக ரிச்சர்ட் கார்ட்ரேயை நாடாளுமன்ற மேலவையான செனட் ஏற்க வேண்டும் என்றும் கேட்டார். 160 டாலரைத் தொலைத்துவிட்டு அதைக் கேட்க எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டே நாளில் செனட்டில் கார்ட்ரேயின் நியமனத்தையும் முடக்கினார்கள். செனட்டுக்குக் காத்திராமல் ஒபாமாவே நியமித்துவிட்டதால், அவருக்காவது மறு மாதமே பதவி கிடைத்தது.

பாஸை நான் கிழிக்கப் போனேன், அப்பா பிடுங்கிக்கொண்டார். மதுரையில் வீட்டுக்கு வருகிறவர்களிடம், ஒபாமா கூட்டத்துப் பாஸ் என்று இன்றும் எடுத்துக் காட்டுகிறாராம்.