பழைய பிளேனருக்கு எந்த மோட்டார்?

மூடிக்கிடந்த மரப்பட்டறை ஒன்றிலிருந்து, பலகையை இழைக்கும் மெஷினான 12 அங்குல பிளேனரை இரும்பு விலைக்கே வாங்கினேன். வார்ப்பிரும்பு மேசையில் துரு இருந்ததே தவிர விரிசல் இல்லை. மண்ணெண்ணெயும் உப்புத்தாளுமாக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அது மின்னத் தொடங்கிவிட்டது. பேரிங், பெல்ட் எல்லாம் கடையிலேயே கிடைத்தன. இடித்தது மோட்டார்தான்: 2 ஹெச்பி, 415 வோல்ட், த்ரீ பேஸ். வீட்டில் இருப்பதோ சிங்கிள் பேஸ்.

"பழசைத் தூக்கிப் போட்டுட்டு புது சிங்கிள் பேஸ் மோட்டார் மாட்டிடுங்க சார்" என்றார் எலக்ட்ரீஷியன். தப்பான யோசனை இல்லை. சுவிட்சைப் போட்டால் ஓடும், புரியாத பெட்டி எதுவும் கிடையாது. ஆனால் கத்தி உருளை கனமானது. அதைக் கிளப்பும் நேரத்தில் கரண்ட் பல மடங்கு ஏறி வீட்டு விளக்கெல்லாம் மங்கும். வேகம் பிடித்ததும் ஸ்டார்ட்டிங் காயிலைத் துண்டிக்க மோட்டாருக்குள் இருக்கும் சென்ட்ரிபியூகல் சுவிட்சில் மரத்தூள் அடைத்து மாட்டிக்கொண்டால் ஸ்டார்ட்டிங் காயில் கருகிவிடும். ஷாஃப்ட் அளவு மாறினால் புல்லி வேலை வேறு.

கெப்பாசிட்டர் வைத்து த்ரீ பேஸ் மோட்டாரையே ஓட்டும் வழியும் உண்டு. சுமார் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் கிடைக்கும். அகலமான தேக்குப் பலகையை ஊட்டினால் திணறும். வேண்டாம்.

நான் எடுத்தது விஎஃப்டி டிரைவ். 230 வோல்ட் சிங்கிள் பேஸை வாங்கி த்ரீ பேஸாகக் கொடுக்கும். பலர் சறுக்குவது இங்கேதான்: வெளியே வருவதும் 230தான், 415 இல்லை. ஆகவே ஸ்டாரில் (மூன்று காயில்களின் ஒரு முனை ஒன்றாக முடிச்சிட்ட இணைப்பு) இருக்கும் மோட்டாரை டெல்டாவுக்கு (காயில்களை முக்கோணமாகக் கோத்த இணைப்பு) மாற்ற வேண்டும். டெர்மினல் பெட்டியில் ஆறு ஒயர் இருந்தால் பித்தளைத் தகடுகளை மாற்றிப்போட்டால் சரி. என்னுடையதில் மூன்றுதான் இருந்தன. காயில் கட்டும் கடையில் ஸ்டார் முடிச்சைப் பிரித்து மற்ற மூன்றையும் வெளியே எடுத்துக் கொடுத்தார்கள். நேம்பிளேட்டில் ஸ்டாருக்கு 3.4 ஆம்பியர் என்றிருந்தால் டெல்டாவில் அதன் 1.73 மடங்கு, ஏறத்தாழ 6 ஆம்பியர். டிரைவில் இந்த எண்ணைத்தான் பதிய வேண்டும்.

5 ஹெச்பி மோட்டார் என்றால் 415லேயே டெல்டாவாக இருப்பது வழக்கம். அதற்கு இந்த வித்தை செல்லாது. த்ரீ பேஸ் இணைப்புக்கே எழுதிக் கொடுத்துவிடலாம்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்று டிரைவ் விற்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கடைசல் மெஷினுக்கு அது வரம். பிளேனருக்கு, மோட்டாரின் இயல்பான வேகத்துக்கான 50 ஹெர்ட்ஸைத் தாண்டவே கூடாது. எனக்குப் பிடித்தது வேறு: மெதுவாகக் கிளம்புகிறது, நிறுத்தினால் உருளை நீண்ட நேரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருப்பதில்லை. அப்புறம், டிரைவைத் தூசி படாத இடத்தில் வைக்க வேண்டும். கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, சில வீடுகளில் வயரிங்கில் கோளாறு இல்லாமலேயே விழவும் செய்யும்.

டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச் வைக்கக் கூடாது என்பதால் பழைய ஸ்டார்ட்டரைக் கழற்ற வேண்டியதாயிற்று. அதன் பச்சை, சிவப்பு பொத்தான்களை மட்டும் எடுத்து டிரைவின் கன்ட்ரோல் முனைகளில் கோத்துவிட்டேன்.