மூலிகை என்று சொல்லி நீர் மாத்திரை கொடுத்தார்கள்: ₹24,500 போச்சு, அம்மா ஐசியு வரை போய் வந்தார்

நேற்றுதான் அம்மாவை ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, கோர்வையாக எழுத வரவில்லை. படித்துவிட்டு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். என்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு மூட்டுவலி. எடையைக் குறைத்தால்தான் வலி குறையும் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் ஏரியாவில் ஒரு கடைக்கு மேல் மாடியில் எடை குறைப்பு மையம் இருக்கிறது. புகார் கொடுக்கப் போவதால் பெயர் போடவில்லை. மூன்று மாதப் பேக்கேஜ் ₹24,500. அம்மா சீட்டு எடுத்த பணம் அது.

சும்மா நம்பிவிடவில்லை. பணம் கட்டும் முன்பே அங்கிருந்த மேடம், "நீங்க சாப்பிடுற பிபி மாத்திரையைக் கொண்டு வாங்கம்மா, அதைப் பார்க்காம நான் எதுவும் தர மாட்டேன்" என்றார். கொண்டுபோனோம். அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார், நோட்டில் எழுதிக்கொண்டார். அம்மாவின் முட்டியைத் தொட்டுப் பார்த்து, "எங்க அம்மாவுக்கும் இதே வலிதான், அவங்களும் இதைத்தான் சாப்பிடுறாங்க. சுத்த மூலிகைம்மா" என்றார். டாக்டர்கூட இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை என்று வழியெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த பிபி மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று இருந்தது. ஹைட்ரோகுளோரோதயசைடு. அதுவே சிறுநீரை அதிகமாகப் போக வைக்கும் ஒரு நீர் மாத்திரை. அதைப் படித்து, எழுதியும் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் இன்னொன்றைக் கொடுத்திருக்கிறார்கள்!

முதல் வாரமே மூன்றரைக் கிலோ இறங்கியது. மையத்தில் கைதட்டி போட்டோ எடுத்தார்கள். உப்பில்லாமல் சாப்பிடுங்கள், தினமும் நாலு லிட்டர் தண்ணீர் குடியுங்கள் என்றார்கள். காலையில் மாத்திரை போட்டால் மதியம் வரை பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடைதான். ராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. நாக்கு வறண்டது, எழுந்து நின்றால் கண் இருட்டியது. போன் செய்தால், "கொழுப்பு கரைஞ்சு வெளிய போகுதும்மா, நல்லதுதானே" என்றார்கள். அப்புறம் அம்மாவுக்குப் பேச்சு குழறியது. என்னைச் சித்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அன்றைக்கே அடுப்படியில் விழுந்தார்.

ரத்தத்தில் சோடியம் 116. இருக்க வேண்டியது 135 முதல் 145. பொட்டாசியம் 2.7, அது 3.5க்குக் கீழே போகக் கூடாது. ஈசிஜியிலும் மாறுதல். சோடியத்தை அவசரமாக ஏற்றினால் மூளை பாதிக்கும் என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றினார்கள்.

வேறு என்ன மாத்திரை என்று டாக்டர் கேட்டதும் அப்பா அந்தக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். எப்போதும் பிரித்துப் போட்ட மாத்திரைதான் தருவார்கள். கடைசிக் கவரில் மட்டும் அட்டையிலிருந்து வெட்டிய ஒரு துண்டு கிடந்தது. பின்பக்கம் ஃபுரோசமைடு 40 மி.கி. என்று அச்சடித்திருந்தது. அதுவும் நீர் மாத்திரைதான், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து.

அது சிறுநீரகத்தில் உப்பைத் திரும்ப உறிஞ்ச விடாதாம். உப்போடு தண்ணீரும் பொட்டாசியமும் சேர்ந்து போய்விடும். குறைந்த மூன்றரைக் கிலோவும் கொழுப்பு இல்லை, முழுக்க முழுக்கத் தண்ணீர் என்றார் டாக்டர். 2003 கிரிக்கெட் உலகக் கோப்பையின்போது ஆஸ்திரேலிய வீரர் ஷேன் வார்னேவைத் திருப்பி அனுப்பி ஒரு வருடம் தடை போட்டதும் நீர் மாத்திரைக்காகத்தான். ஒல்லியாகத் தெரியத் தன் அம்மா கொடுத்தது என்று வார்னே சொன்னார். எடைக்கு இதை விழுங்குவது அப்போதே இருந்திருக்கிறது.

₹24,500ஐத் திருப்பிக் கேட்டுப் போனால், "மேடம் மீட்டிங்ல இருக்காங்க". அடுத்த தடவை, "ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி". வாட்ஸப்பில் ரிப்போர்ட்டை அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் பிடித்தபோது அந்த மேடம் சொன்னது இது: "ரீஃபண்ட் கிடையாது. வேணும்னா மீதி ரெண்டு மாசத்தை உங்க பேருக்கு மாத்தித் தரேன், நீங்களும் குறைக்கலாம்." அம்மா ஐசியுவில் இருக்கிறார் என்று தெரிந்தே சொன்னார். ரசீதை எடுத்துப் பார்த்தால் 'ஆலோசனைக் கட்டணம் ₹24,500' என்று மட்டும் இருக்கிறது. மாத்திரை என்ற பேச்சே இல்லை.

பெயர் அச்சடித்த அட்டை இல்லாமல் யார் மாத்திரை கொடுத்தாலும் வாங்காதீர்கள். பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதில் நீர் மாத்திரை கலந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கால் இழுப்பது, படபடப்பு, தலைசுற்றல், பேச்சு மாறுவது என்று எது வந்தாலும் உடனே சோடியம், பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். இதயத்துக்கோ கால் வீக்கத்துக்கோ டாக்டர் எழுதிக் கொடுத்த நீர் மாத்திரையை இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், அது வேறு. நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னும் எழுத நினைத்தேன், நர்ஸ் ரத்தம் எடுக்க வந்துவிட்டார். ரசீது, கவர், அந்தத் துண்டு மூன்றையும் அப்பா பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். திங்கட்கிழமை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போகிறோம்.