தடைக்காலத்துக்குப் பாய்லர் சூட் வாங்குகிறீர்களா? மாதிரியில் பாதியை வெட்டி வைத்துக்கொண்டு முன்பணம் கொடுங்கள்

படகுகள் கரையேறி மராமத்துக்கு வரும் மீன்பிடித் தடைக்காலம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் உள்ள எங்கள் படகு மராமத்துக் கொட்டகைக்கு 32 பாய்லர் சூட், அதாவது சட்டையும் பேன்ட்டும் ஒன்றாகத் தைத்த வேலை உடுப்பு, வந்து இறங்கியது. ஒன்று 1,150 ரூபாய், பாதிப் பணம் முன்பே போய்விட்டது. விற்ற வெளியூர் வியாபாரி வாயால் சொன்னதும் வாட்ஸ்அப்பில் எழுதியதும் ஒன்றுதான்: நூறு சதவீதம் காட்டன் ட்ரில் (சாய்வரி நெசவுள்ள தடித்த துணி), 270 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), டபுள் தையல், பித்தளை ஜிப். பிப்ரவரியில் அவர் அனுப்பிய மாதிரி சொன்னபடியே இருந்தது. ஏப்ரலில் வந்த சரக்கு வேறு.

மூன்று வாரத்துக்குள் 11 சூட்டில் கவட்டைத் தையல் பிரிந்தது. ஆறில் ஜிப்பை ஏற்றி இறக்கும் ரன்னர் இறுகி நின்றுவிட்டது. மார்புப் பாக்கெட்டின் அழுத்துப் பட்டன்கள் துருப்பிடித்துத் துணியில் காப்பிக் கறையாக இறங்கின. இதெல்லாம் பணத்தோடு போகிற நஷ்டம். கிரைண்டர் பொறி பட்ட இடத்தில் ஒரு சூட்டின் கைத்துணி கருகாமல் உருகி, வேலை பார்த்தவரின் முன்கையில் ஒட்டிக்கொண்டது. ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தோல் உரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

புகார் சொன்னபோது வந்த பதில்: "உப்புக்காத்துல எந்தத் துணியும் இப்படித்தாங்க போகும்." இந்தப் பதிலை இந்தக் கரையில் பலர் நம்பிவிடுகிறார்கள். உப்புக்காற்று இரும்பைத் தின்னும், உண்மை. ஆனால் நல்ல காட்டன் ட்ரில்லின் தையல் மூன்று வாரத்தில் பிரிவதற்கும் உப்புக்கும் சம்பந்தம் இல்லை. பிரிந்த சூட் ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பார்த்தோம். துணி கிழியவே இல்லை. கவட்டையில் நான்கு தையல்கள் கூடும் முடிச்சு இருக்கிறதே, அங்கே ஓரம் பிரியாமல் இருக்கப் போடும் வெறும் ஓவர்லாக் தையல் மட்டும் ஓட்டியிருந்தார்கள். உள்ளே மடிப்புக்கு விட்ட துணி 4 மில்லிமீட்டர்கூட இல்லை. ஓர் அங்குலத்துக்கு ஐந்து தையல். குந்தி உட்கார்ந்தால் இழுவை முழுவதும் விழுகிற இடம் அதுதான். அங்கே மடக்குத் தையல் இருக்க வேண்டும், அதாவது இரண்டு துணியின் ஓரமும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து, மேலே இரண்டு வரி, முடிந்தால் மூன்று வரி, அங்குலத்துக்கு எட்டு முதல் பத்துத் தையல். ஜீன்ஸ் பேன்ட்டின் உள்கால் தையலைத் தடவிப் பாருங்கள், விரலுக்கு ஒரு கயிறு போலத் தட்டுப்படும். அதே தடிப்பு சூட்டின் கவட்டையிலும் அக்குளிலும் தட்டுப்பட வேண்டும். மாதிரியில் தட்டுப்பட்டது, வந்த சரக்கில் இல்லை.

ஏமாற்றின் சாமர்த்தியம் துணியில்தான். கையில் வாங்கியபோது கனமாக, விறைப்பாக, 270 என்றே தோன்றியது. 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டி நகைக்கடைத் தராசில் வைத்தால் எத்தனை கிராம் வருகிறதோ, அதை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். புதுத்துணியில் 2.6 கிராம் காட்டியது. அதே சூட்டை வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு இரண்டு முறை துவைத்து, நன்றாகக் காய வைத்து, இன்னொரு சதுரம் வெட்டி வைத்தால் 2.1 கிராம். துவைத்த துணி கொஞ்சம் சுருங்குவதால் அதே அளவுத் துண்டின் எடை கூடத்தான் வேண்டும். குறைகிறது என்றால் ஏற்றியிருந்த கஞ்சியும் மாவும் தண்ணீரோடு போய்விட்டன. நீங்கள் காசு கொடுத்த கனத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கஞ்சி.

இதைத் துவைக்காமலே கண்டுபிடிக்க வழி உண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் அயோடின் கரைசலை, பெட்டாடைனானாலும் சரி, தண்ணீர் கலந்து, துணியின் உள்மடிப்பில் ஒரு சொட்டு விடுங்கள். கஞ்சி இருந்தால் கருநீலமாகும். இல்லாவிட்டால் பழுப்புக் கறையோடு நின்றுவிடும். கருநீலத் துணியில் இது சரியாகத் தெரியாது, அதனால் பாக்கெட்டின் உள்துணியில் பார்க்காமல், அதே துணியின் வெளிர்நிறத் துண்டு கேட்டு வாங்கிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் துணியைக் கறுப்புப் பலகையின் மேல் வைத்து இரண்டு கையாலும் கசக்குங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் பூச்சு அதிகம். கஞ்சி கொஞ்சம் எல்லாப் புதுத்துணியிலும் இருக்கும். துவைத்த பிறகு எடை எவ்வளவு நிற்கிறது என்பதுதான் கணக்கு.

காட்டனா இல்லையா என்பதற்கு நெருப்புச் சோதனை. துணியின் ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஐந்தாறு, குறுக்கே ஓடும் ஊடை நூல் ஐந்தாறு தனித்தனியாக உருவுங்கள். ஒரு திசையில் மட்டும் உருவினால் ஏமாறுவீர்கள், சில துணியில் பாவு காட்டனாகவும் ஊடை பாலியஸ்டராகவும் இருக்கும். இடுக்கியில் பிடித்து, துணிக்குவியலும் டீசலும் பக்கத்தில் இல்லாத இடத்தில் கொளுத்துங்கள். காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலாகும். பாலியஸ்டர் தீயைக் கண்டு சுருண்டு, உருகி, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகும். கலப்புத் துணி எரிவது காட்டன் மாதிரியே இருக்கும். சாம்பலை நசுக்கினால்தான் கடுகு போலக் கடினமாக ஏதோ நெருடும். எங்களுக்கு வந்த சரக்கில் நெருடியது.

கலப்புத் துணியே கூடாது என்று சொல்லவில்லை. 65 பங்கு பாலியஸ்டர், 35 பங்கு காட்டன் கலந்த 200 முதல் 240 ஜிஎஸ்எம் துணி பெயின்ட் அடிப்பவருக்கும் வலை, கயிறு, மரவேலை பார்ப்பவருக்கும் நன்றாக உழைக்கும். சீக்கிரம் காயும், சுருங்காது, தேய்மானம் குறைவு. வெல்டிங், கட்டிங், கிரைண்டர் பக்கம் மட்டும் அது வரவே கூடாது. பாலியஸ்டர் ஏறக்குறைய 250 டிகிரிக்கு மேல் உருகும். வெல்டிங் பொறி அதைவிடப் பல மடங்கு சூடு. உருகினது ஆறும்வரை தோலோடு ஒட்டியே இருக்கும். காட்டன் கருகும், ஓட்டை விழும், ஆனால் உருகி ஒட்டாது. வெல்டருக்கு 300 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத முழுக் காட்டன், அதன்மேல் தோல் ஏப்ரன். டீசல் ஊறிய சூட்டோடு வெல்டிங் பக்கம் போவது எந்தத் துணியிலும் ஆபத்துதான்.

படகின் அடியில் ஒட்டும் கொட்டலசுச் சிப்பியைச் சுரண்டுபவர், பலகை இடுக்கை அடைக்கும் கலப்பத்து அடிப்பவர், எஞ்சின் இறக்குபவர் எல்லோருக்கும் 240 முதல் 270 வரை காட்டன் ட்ரில் போதும். இந்த வெயிலில் அதற்கு மேல் கனம் போட்டால் பதினோரு மணிக்கு மேல் தாங்க முடியாமல் மேல்பாதியைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். தொங்குகிற கைத்துணி, சுழலும் தண்டில் மாட்டுவதற்கு அது போதும். அக்குளில் காற்றுக்கண், முதுகில் இரண்டு பக்கமும் விரியும் மடிப்பு, மணிக்கட்டில் இறுக்கும் பட்டன், இவை மூன்றும் உள்ள சூட்டை யாரும் கழற்றத் தோன்றாது. முழங்காலில் இரட்டைத் துணி கட்டாயம். அந்த ஒட்டுத்துணியின் கீழ்ப்பக்கம் தைக்காமல் திறந்திருக்க வேண்டும். நான்கு பக்கமும் தைத்துவிட்டால் மணலும் சுரண்டிய பெயின்ட் சில்லும் உள்ளே இறங்கித் தங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போல உள்துணியைத் தேய்த்துவிடும்.

ஜிப்புக்கும் பட்டனுக்கும் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, வேண்டாம். ஒட்டாவிட்டால் பித்தளை என்று உடனே முடிவு செய்யாதீர்கள், துத்தநாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது. ரன்னரின் பின்பக்கம் ஊசியால் கீறுங்கள். உள்ளேயும் மஞ்சள் என்றால் பித்தளை, வெள்ளை தெரிந்தால் பூச்சு. பொறி விழாத வேலைக்குப் பல் பெரிய பிளாஸ்டிக் ஜிப் எடுத்துக்கொள்ளலாம், உப்பு அதை ஒன்றும் செய்யாது. மேலும் கீழும் இரண்டு ரன்னர் இருந்தால் நல்லது. ஜிப்பை மூடும் பட்டி இல்லாத சூட்டில் ஃபைபர் வேலைப் பசையான ரெசின் ஒரு சொட்டு விழுந்தால் ஜிப் அதோடு சரி.

ஃபைபர் படகு வேலைக்குத் தனியாக ஒரு வார்த்தை. கண்ணாடி இழைத் தூள் ட்ரில் துணியின் நெசவுக்குள் புகுந்தால் துவைத்தாலும் முழுக்கப் போகாது, மறுநாள் அரிப்பு அங்கிருந்துதான் வரும். தேய்க்கிற நாளில் சூட்டின்மேல் ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் மெல்லிய வெள்ளை முழு உடுப்பு ஒன்றைப் போட்டு, மணிக்கட்டில் டேப் சுற்றுங்கள். ரெசினை இறுக வைக்கும் கடினமாக்கி திரவம் மேலே சிந்தினால் உடனே கழற்றித் தண்ணீரில் அலசுங்கள், ஊறிய துணியைக் குவியலில் போடாதீர்கள், தானாகவே சூடேறும். அடிப்பாகத்தில் பாசி பிடிக்காமல் இருக்க அடிக்கும் பெயின்ட்டில் செம்புச் சேர்மம் இருக்கும். அதைச் சுரண்டிய சூட்டை வீட்டுத் துணியோடு சேர்த்து, அதிலும் குழந்தைகள் துணியோடு, ஒருபோதும் துவைக்கக் கூடாது. கொட்டகையிலேயே தனி வாளி வையுங்கள்.

அளவில் எல்லோரும் மார்பை மட்டும் அளக்கிறார்கள். ஒற்றைத் துணியாக வருகிற உடுப்புக்கு உடல் நீளம்தான் முக்கியம். தோள்பட்டையின் நடுவில் டேப்பை வைத்து, முன்பக்கமாகக் கவட்டைக்குள் விட்டு, முதுகுவழியாக அதே தோளுக்குக் கொண்டுவாருங்கள். வந்த அளவோடு 8 முதல் 10 சென்டிமீட்டர் கூட்டுங்கள். தைக்கும் முன்பே சுருங்க வைக்காத காட்டன் என்றால் நீளத்தில் 5 சதவீதத்துக்கு மேலும் போகும், அதற்கும் சேர்த்து விட வேண்டும். போட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். படகின் அடிக்கட்டையான ஏராவுக்கு அடியில் நாள் முழுக்க அந்த நிலையில்தான் வேலை. அப்போது கவட்டை இழுத்தால், எவ்வளவு நல்ல தையலானாலும் பிரியும்.

அளவைத் தாண்டி இன்னொரு கவனம். காட்டன் சூட் நனைந்தால் பாரம். அதைப் போட்டுக்கொண்டு வள்ளத்தில் ஏறி நங்கூரப் படகுக்குப் போகாதீர்கள், கடலில் விழுந்தால் கீழே இழுக்கும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசினால் போதும். நம் ஊரில் நல்ல தண்ணீருக்கு உள்ள பாடு தெரியும், இருந்தாலும் இரண்டு வாளியை மிச்சம் பிடிக்க வேண்டாம். துணியில் நிற்கிற உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், சூட் காயவே காயாது, ஜிப் பல் இரவோடு இரவாகப் பச்சை பூக்கும்.

இனி வாங்குகிற முறை. மாதிரி வந்ததும் அதை நடுவில் வெட்டுங்கள். ஒரு பாதியில் விற்பவரின் கையெழுத்தும் தேதியும் போட்டு உறையில் ஒட்டிக் கொட்டகையில் வையுங்கள், மறுபாதி அவருக்கு. சரக்கைப் பிப்ரவரி கடைசிக்குள் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளுக்குள் எல்லாப் படகும் தயாராக வேண்டும் என்பது விற்பவருக்கும் தெரியும், கடைசி நேரத்தில் இறக்கினால் திருப்பி அனுப்ப மாட்டோம் என்பதும் தெரியும். எங்களிடம் அதுதான் நடந்தது. கட்டுக்கு ஒன்று என்று உருவி, நூலை எரித்து, சதுரம் வெட்டி எடை போட்டு, ஒன்றைத் துவைத்த பிறகு மீதிப் பணம். பில்லில் "பாய்லர் சூட் 32" என்று மட்டும் எழுதினால் வாங்காதீர்கள். துணியின் கலப்பு, ஜிஎஸ்எம், தையல் வகை, ஜிப் வகை நான்கும் பில்லில் வர வேண்டும். எங்கள் பில்லில் அது இல்லை, அதைக் காட்டியே மீதிப் பணத்தையும் கேட்டார்கள். மீதியைக் கொடுக்கவில்லை, முன்பணம் 18,400 ரூபாய் திரும்பவும் இல்லை.

தனியாளாகப் பிழைப்புக்கு வாங்கி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. லாப நோக்கில் மொத்தமாக வாங்கினால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களை நுகர்வோராகக் கணக்கில் எடுப்பது சிக்கல். சொந்த உழைப்பில் பிழைக்கச் சுயதொழிலுக்கு வாங்கியது என்றால் அந்தத் தடை இல்லை. அதனால் பில் யார் பெயரில் போடுகிறார்கள் என்பதையும் பாருங்கள்.

மிஞ்சிய சூட்டுகளை எறியவில்லை. கவட்டையிலும் அக்குளிலும் பழைய ஓவர்லாக்கைப் பிரித்து, உள்ளே சாய்சதுரமாக ஒரு ஒட்டுத்துணி வைத்து, பாலியஸ்டர் நூலில் இரட்டை வரி போடத் தையல்காரர் ஒன்றுக்கு 90 ரூபாய் வாங்கினார். முதுகில் சிவப்புப் பெயின்ட்டால் "பெயின்ட் மட்டும்" என்று எழுதி, வெல்டிங் பக்கத்து ஆணியில் மாட்டாமல் தனி ஆணியில் மாட்டியிருக்கிறோம்.