ஒகேனக்கல்லா, கண்டிக்கோட்டாவா? சேலத்திலிருந்து ஓர் ஒப்பீடு

ஆறு குடைந்த பள்ளத்தாக்கைப் பார்க்க சேலத்துக்காரர்கள் கிளம்பினால் இரண்டு பெயர்கள் அடிபடும். ஒகேனக்கல் என்றால் தர்மபுரி, பென்னாகரம் வழியாகக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் இருக்கும் கண்டிக்கோட்டா என்றால் பெங்களூருவையும் தாண்டி நெடுந்தூரம் ஓட்ட வேண்டும், ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். ஆனாலும் ‘இந்தியாவின் கிராண்ட் கேன்யன்’ என்ற பட்டம் பலரை அங்கே இழுக்கிறது.

அந்தப் பட்டம் பாதிதான் பொருந்தும். அமெரிக்காவில் இருக்கும் அசல் 446 கி.மீ. நீளம், ஆழம் 1.6 கி.மீ.க்கும் மேல். விளிம்பில் 27 கோடி ஆண்டுப் பழைய சுண்ணாம்புக்கல், அடியில் 170 கோடி ஆண்டைத் தாண்டிய பாறை. கண்டிக்கோட்டாவின் ஆழம் சுமார் 300 அடிதான். பெண்ணாறு (நம்ம தென்பெண்ணை இல்லை, வடபெண்ணை) அங்கே அறுத்திருப்பது குவார்ட்சைட்டை. மணல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய கல் அது. அடுக்குகள் கிடையாக, வெடிப்பு செங்குத்தாக. அதனால் இரண்டு கரையும் யாரோ செங்கல் அடுக்கி வைத்ததுபோல் நிற்கும். சாயங்கால வெயில் பட்டால் செக்கச்செவேல். கண்ணுக்கு விருந்து என்றால் என் ஓட்டு இதற்குத்தான். கோட்டை, மசூதி, கோயில் எல்லாம் கூடுதல் லாபம்.

ஒகேனக்கல்லில் இந்த அடுக்கைத் தேடாதீர்கள். அங்கே இருப்பது ஏற்காட்டு மலையின் அதே சார்னோகைட் குடும்பம். பூமிக்கு அடியில் கடும் வெப்பத்தில் வெந்து உருமாறிய கல். அடுக்கு இல்லாததால் காவிரி வெடிப்பு கண்ட பக்கமெல்லாம் பிரிந்து விழுகிறது. இடையே கார்பனடைட் என்ற, எரிமலைக் குழம்பிலிருந்து பிறந்த கார்பனேட் பாறையும் உண்டு. வயது சுமார் 240 கோடி ஆண்டு, உலகத்தின் மிகப் பழைய கார்பனடைட்டுகளில் ஒன்று. மீன் வறுவலுக்கு வரிசையில் நிற்கும் கூட்டத்தில் இதை யார் கவனிக்கிறார்கள்!

கண்டிக்கோட்டாவில் ஆற்றை மேலிருந்து எட்டித்தான் பார்ப்பீர்கள். பல மாதங்கள் அது ஓடுவதே தெரியாது. ஒகேனக்கல்லில் பரிசல் உங்களைப் பாறைச் சுவர்களுக்கு நடுவிலேயே கொண்டுபோகும். ஆறு கல்லை என்ன செய்யும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதுவே சரி. ஆனால் கர்நாடக அணைகள் திறந்து வெள்ளம் வந்தால் பரிசலும் குளியலும் தடை. ஆடிப்பெருக்குக் கூட்டம் வேறு. மழை தணிந்த பிறகு போங்கள்.

கண்டிக்கோட்டாவுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை. விளிம்பில் தடுப்புக் கம்பி கிடையாது, குழந்தைகளின் கையை விடாதீர்கள்.