சைக்ளோட்ரானும் சின்க்ரோட்ரானும்

இரண்டுமே துகள்களை வட்டமடிக்கவைத்து முடுக்கும் கருவிகள்தாம். துகளை வளைத்துச் சுற்றவைக்கும் காந்தப்புலம் சைக்ளோட்ரானில் மாறாது. துகளின் பாதைதான் விரிந்துகொண்டே போகும். நடுவில் விடப்படும் புரோட்டான், அரைவட்ட வடிவிலான இரண்டு உள்ளீடற்ற மின்முனைகளின் இடைவெளியைத் தாண்டும்போதெல்லாம் ஓர் உந்துதல் பெற்று, சுருள்போலச் சுற்றி விளிம்பை எட்டும். இதன் அழகே வேறு: வேகம் கூடும் அளவுக்கே பாதையும் நீள்வதால், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் மாறுவதில்லை. மாறுமின்னழுத்தத்தின் அதிர்வெண்ணை ஒரே அளவில் வைத்தால் போதும். சைக்ளோட்ரானை உருவாக்கிய எர்னஸ்ட் லாரன்ஸுக்கு 1939இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது இந்த எளிமைதான்.

ஒளிவேகத்தை நெருங்கினால் கணக்குப் பிசகும். சார்பியல் விளைவால் துகள் மின்னழுத்தத்தின் தாளத்துக்குப் பின்தங்கும். விளிம்பை நோக்கிப் புலத்தை வலுப்படுத்திச் சமாளிக்கலாம், ஓர் எல்லைவரை. சின்க்ரோட்ரானோ பாதையை மாற்றாமல் காந்தப்புலத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. வளையம் நெடுகக் காந்தங்கள் இருந்தால் போதும். ஜெனீவா அருகில் செர்ன் ஆய்வகத்திலுள்ள 27 கிலோமீட்டர் வளையம் அப்படித்தான் சாத்தியமாயிற்று.

மருத்துவத்தில் என் வாக்கு சைக்ளோட்ரானுக்கே. உடலுக்குள் கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் படமெடுக்கும் பெட் ஸ்கேனுக்காகச் சைக்ளோட்ரானில் தயாராகும் ஃபுளூரின்-18, சுமார் 110 நிமிடங்களில் பாதியாகிவிடும். எனவே மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே அடக்கமான கருவி வேண்டும். புற்றுநோய்க்கான புரோட்டான் சிகிச்சைக்கு இரண்டும் பயன்படுகின்றன. சைக்ளோட்ரானிலிருந்து வரும் துகள் கற்றை இடைவிடாதது, ஆனால் பெரும்பாலும் ஒரே ஆற்றல் கொண்டது. ஆழம் குறைந்த கட்டி என்றால் குறுக்கே ஒரு பொருளை வைத்துக் கற்றையின் ஆற்றலை மட்டுப்படுத்த வேண்டும். சின்க்ரோட்ரான் விட்டுவிட்டுத்தான் கற்றையைத் தரும். ஆனால் ஆற்றலை வேண்டியபடி தேர்ந்துகொள்ளலாம்.